அம்மா, அப்பா, நடுவில் நான்

கேள்வி: எனக்கு வயது 41. ஈரோட்டில் கணவர், 13 வயது மகளோடு இருக்கிறேன். பள்ளி ஆசிரியை. பெற்றோர் கரூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். தினமும் ராத்திரி எட்டரைக்கு அம்மாவிடமிருந்து போன் வரும். "உங்கொப்பன் இன்னைக்கும் மொகங்குடுத்துப் பேசலை கண்ணு" என்றுதான் ஆரம்பிக்கும். அரைமணி நேரம் கேட்டுவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டு நான் சமாதானம் பேசுவேன். அவர் "சரி சரி" என்று வைத்துவிடுவார். பத்தாம் வகுப்பு படிக்கும்போதிருந்தே இந்த வேலை என் தலையில்தான். தம்பிக்கு 35 வயது, எந்தத் தொழிலிலும் நிலைக்கவில்லை. அவன் சரக்கு ஆட்டோ வாங்கிய கடனுக்கு இரண்டு வருடமாக நான்தான் தவணை கட்டுகிறேன். கணவருக்கு முழு விவரம் தெரியாது. சந்தேகம் வந்தால் சண்டை. அப்புறம் அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். போன வாரம் என் மகள், "அப்பா இப்படித்தாம்மா, நீ கண்டுக்காத" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். தூக்கிவாரிப் போட்டது. 'ஃபேமிலி சிஸ்டம்ஸ் தியரி' பற்றிக் கொஞ்சம் படித்தேன். அம்மாவால்தான் நான் இப்படி ஆனேனா? "டாக்ஸிக் உறவு, நம்பரை பிளாக் பண்ணு" என்கிறாள் தோழி. செய்யலாமா? இந்தத் தியரியை அம்மாவிடம் எடுத்துச் சொல்லிப் புரியவைக்க முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது மகள் சொன்ன அந்த ஒரு வரியைத்தான். பத்தாம் வகுப்பில் நீங்கள் அம்மாவுக்குச் செய்ததை எட்டாம் வகுப்பிலேயே அவள் உங்களுக்குச் செய்ய ஆரம்பித்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் படித்த தியரி விளக்க முயல்வது இதைத்தான். ஆகவே அது உங்களுக்கு உதவும் என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு அதில் பதில் இல்லை. 'அம்மாவால்தானா?' என்ற கேள்வியைக் கைவிட்ட பிறகுதான் அந்தத் தியரியே பிறந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940-களின் கடைசியில் அமெரிக்க மனநல மருத்துவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது: பிள்ளைக்கு மனச்சிதைவு என்றால் வளர்த்த தாயைச் சந்தேகிப்பது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்ற சொல்லை 1948-ல் எழுதி வைத்தவரே ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற பெண் மருத்துவர்தான். அந்தக் காற்றில் வளர்ந்தவர்தான் நீங்கள் படித்த தியரியை உருவாக்கிய மர்ரே போவென். டென்னசி மாநிலத்தில் வேவர்லி என்ற சிற்றூரில் 1913-ல் பிறந்தவர், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். கான்சாஸில் மெனிங்கர் கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டு, 1954-ல் வாஷிங்டனை ஒட்டிய பெதஸ்டாவில் தேசிய மனநல நிறுவனத்துக்கு வந்தார். அங்கே நோயாளிகளான மகள்களோடு தாய்மார்களையும் ஆஸ்பத்திரியில் தங்கவைத்தார். பிறகு தகப்பன்மார், உடன்பிறந்தவர்கள் என்று முழுக் குடும்பங்களே வார்டுக்குக் குடிவந்தன.

தனியாக ஒரு மணி நேரம் பேசும்போது தெரியாதது, சேர்ந்து குடியிருப்பதைப் பார்த்தபோது தெரிந்தது. தாயும் மகளும் நெருங்குவார்கள், மூச்சு முட்டும், விலகுவார்கள், பயம் வந்து மறுபடி நெருங்குவார்கள். தாயின் பதற்றம் குறையும்போது மகளுக்கு ஏறும். தகப்பன் அமைதியாக ஒதுங்கியிருப்பதும் அந்த ஆட்டத்தில் ஒரு காய் நகர்த்தல்தான். இன்னும் வேடிக்கை, வார்டில் வேலை பார்த்த நர்ஸ்களும் டாக்டர்களும்கூட ஆளுக்கொரு கட்சி சேர்ந்துவிட்டார்கள். யார் குற்றவாளி என்று தேடப் போனவர்கள், ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டே இருக்கும் ஒரு கட்டமைப்பைக் கண்டு வந்தார்கள்.

ஏறக்குறைய அதே பத்தாண்டில் நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களுக்கு வளாகத்திலேயே கூடாரம் போட்டுக்கொடுத்து உடன் தங்கவைத்தார். 1957-ல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் வீட்டார் ஒருவர் கூடவே தங்கும் வழக்கம் வந்தது. பெதஸ்டாவில் குடும்பத்தை ஆராய்ச்சிக்காக உள்ளே அழைத்தார்கள். இங்கே துணைக்கு அழைத்தார்கள். எனக்கு இங்கே நடந்ததன் மேல்தான் பிரியம் அதிகம். ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: மனச்சிதைவு நோய் வளர்ப்பினால் வருவதில்லை என்று இன்று தெளிவாகத் தெரியும். அந்த விஷயத்தில் அந்தக் காலத்தார் நினைத்தது தவறு. நோய்க்குக் காரணம் தேடியதில் தோற்று, சாதாரணக் குடும்பங்களைப் புரிந்துகொள்வதில் ஜெயித்த ஆராய்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் எட்டரை மணிக்கு வருவோம்.

போவெனின் அடிப்படைக் கண்டுபிடிப்பு முக்கோணம். இரண்டு பேருக்குள் பதற்றம் ஒரு அளவைத் தாண்டினால் அவர்களால் அதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ள முடியாது, மூன்றாவதாக ஒருவரை இழுப்பார்கள். முக்காலி இரண்டு காலில் நிற்காது என்பது போல. அந்த மூன்றாவது கால் 26 வருடமாக நீங்கள். அம்மாவுக்கு அப்பாவின் மேல் வருத்தம். அதை அப்பாவிடம் சொல்ல பயமோ, சலிப்போ, சொல்லிச் சொல்லிப் பயனில்லாமல் போன களைப்போ. உங்களிடம் இறக்கிவைக்கிறார். ஒன்பது மணிக்கு அவருக்குப் பாரம் குறைந்து தூக்கம் வருகிறது, உங்களுக்குத் தூக்கம் போகிறது. நீங்கள் அப்பாவுக்குப் போன் போடுகிறீர்கள். மனைவியின் வருத்தத்தை மகளின் வாயால் கேட்பது அவருக்கும் வசதி. "சரி சரி" என்று இரண்டு சொல்லில் கணக்கு முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை கரூரில் அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிக்கும்போது பேசவேண்டியது எதுவும் பேசப்படுவதில்லை. பேசித்தான் ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை முந்தின ராத்திரியே நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

இது உங்கள் தப்பு என்று சொல்ல வரவில்லை. பதினைந்து வயதில் அம்மா அழுதால் எந்தப் பிள்ளை எழுந்து போகும்? ஆனால் 41 வயதில் அந்த வேலையை ராஜினாமா செய்யலாம். செய்தால் முதலில் எல்லாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது முக்கோணம் பணத்தினால் ஆனது: நீங்கள், தம்பி, கணவர். இந்தத் துறையில் அதிகம் சுமப்பவர், குறைவாகச் சுமப்பவர் என்று ஒரு ஜோடியைச் சொல்வார்கள். ஒருவர் எவ்வளவு எடுத்துச் செய்கிறாரோ, அவ்வளவுக்கு மற்றவர் கையைக் கட்டிக்கொள்வார். கையைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து இவர் இன்னும் எடுத்துச் செய்வார். யார் முதலில் தொடங்கியது என்று தேடினால் விடியாது. மாதம் பிறந்தால் தவணை உங்கள் கணக்கிலிருந்து போய்விடுகிறது. எனவே ஆட்டோ ஓடினாலும் நின்றாலும் தம்பிக்கு அன்றைய தேதி சாதாரணத் தேதிதான். உங்கள் கணவரின் மொட்டைமாடியும் இதே கணக்கில்தான் வருகிறது. நீங்கள் மறைக்கிறீர்கள், அவர் விலகுகிறார், விலகுகிறாரே என்று இன்னும் மறைக்கிறீர்கள். அவர் விட்டுப்போன இடத்தில் மகள் வந்து நிற்கிறாள்.

'மூத்த பெண் என்றாலே இப்படித்தான்' என்றும் எங்காவது படித்திருப்பீர்கள். வால்டர் டோமன் என்ற உளவியலாளர் பிறந்த வரிசையை வைத்து எழுதியதை போவென் அப்படியே தன் கோட்பாட்டில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பகுதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2015-ல் வெளிவந்த மிகப் பெரிய ஆய்வுகள் பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்று காட்டிவிட்டன. நீங்கள் மூத்தவராகப் பிறந்ததைவிட, உங்கள் வீட்டில் மூத்தவள் தலையில் எதையெல்லாம் கட்டினார்கள் என்பதே பேச்சு.

தோழியின் யோசனைக்கு வருகிறேன். உறவை அறுத்துக்கொண்டு போவதற்கும் இந்தக் கோட்பாட்டில் தனி இடம் உண்டு. 1975-ல் போவென் அதைத் தனிக் கருத்தாகவே சேர்த்தார். அவர் சொன்னது இதுதான்: வீட்டோடு ஒட்டிக்கொண்டு மூச்சுத் திணறுபவரும், துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்ப் பொங்கலுக்குக்கூடப் பேசாதவரும் பார்வைக்குத்தான் எதிரெதிர். இருவரையும் இன்னும் வீடே ஆட்டிவைக்கிறது. நம்பரை பிளாக் செய்துவிட்டு எட்டரை மணிக்கு அந்தப் போனையே வெறித்துக்கொண்டிருந்தால் என்ன லாபம்? தீராத பாக்கியெல்லாம் கணவர் மேலும் பிள்ளை மேலும் போய் விழும். ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. அடி உதை, பாலியல் தொல்லை, மிரட்டல் இருக்கும் வீட்டில் தூரம்தான் முதல் மருந்து, அங்கே முக்கோணம் வரைந்துகொண்டிருக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அப்பாவின் மௌனத்துக்குப் பின்னால் கை நீட்டுவதும் உண்டென்றால் கதை வேறு. மகளிர் உதவி எண் 181-ஐ அம்மாவிடம் கொடுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? போவென் தன் சொந்த வீட்டிலேயே செய்து பார்த்தார். வருடக்கணக்காக விடுமுறைக்கு ஊருக்குப் போய், வழக்கமான புகார்களில் மாட்டிக்கொண்டு திரும்பியவர் அவர். ஒருமுறை சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே கடிதங்கள் எழுதினார். உன்னைப் பற்றி இப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது என்று, முதுகுக்குப் பின்னால் பேசப்பட்டதை உரியவருக்கே எழுதிவிட்டு ஊருக்குப் போனார். எல்லாரும் கொதித்துப்போய் வந்தார்கள். அவர் யார் பக்கமும் சேராமல், யாரையும் விட்டு ஓடாமல் நடுவில் உட்கார்ந்திருந்தார். 1967-ல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டில் இதைச் சொன்னபோது பரபரப்பாகிவிட்டது. 1972-ல் புத்தகத்தில் வந்தபோது வீட்டாருக்குத் தர்மசங்கடம் வேண்டாம் என்று ஆசிரியர் பெயர் இல்லாமலே அச்சிட்டார்கள். அவர் போல நீங்களும் கடிதம் எழுதிக் கலகம் மூட்டவேண்டாம், கரூர் தாங்காது. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நிலையை மட்டும்தான்: பக்கம் சேராமல், ஆனால் போகாமல் இருப்பது. இதை அவர் 'டிஃபரன்ஷியேஷன்' என்றார். பாசத்தைக் குறைப்பது என்று இதை நினைத்துவிடாதீர்கள். அம்மா பதறும்போது கூடப் பதறாமல் கூட இருக்கத் தெரிவது.

நடைமுறையில் அது இப்படி இருக்கும். அடுத்த முறை "உங்கொப்பன்..." என்று ஆரம்பித்ததும், "கஷ்டமாத்தாம்மா இருக்கும். அதை அப்பாகிட்ட நீயே கேட்டுரு, நான் நடுவுல வர்றதா இல்லை. உன் முழங்கால் இப்ப எப்படி இருக்கு?" என்று சொல்லுங்கள். குரலில் கோபம் இருந்தால் சொல்லாதீர்கள். கோபம் இறங்கிய ஒரு நாளைக்கு ஒத்திப்போடுங்கள். போனை வெட்டவும் வேண்டாம், அவரைப் பற்றி, அவர் நாளைப் பற்றிப் பேசுங்கள். அப்பாவிடமும் தனியாகப் பேசுங்கள், ஆனால் தூது கொண்டுபோகாமல். போர்வெல்லில் தண்ணீர் எப்படி, சின்ன வயதில் அவர் பார்த்த வேலை என்ன, எதுவாகவும் இருக்கலாம். அப்பாவும் நீங்களும் அம்மாவைப் பற்றி அல்லாமல் கடைசியாக எப்போது பேசினீர்கள்? ஒவ்வொருவரோடும் நேருக்கு நேர் ஓர் உறவு இருந்தால் முக்கோணம் தானே தளரும்.

அடுத்து வருவதற்குத் தயாராக இருங்கள். ஒருவர் இடம் மாறினால் வீடு மூன்று படியில் எதிர்க்கும் என்று போவென் எழுதியிருக்கிறார்: நீ செய்வது தவறு, பழையபடி மாறு, மாறாவிட்டால் பார். நம் ஊரில் இது "நீயும் உங்கொப்பன் கட்சிதானா?" என்று வரும். இரண்டு நாள் போன் வராது. மூன்றாம் நாள் சித்தி கூப்பிடுவார்: "அம்மா அழுதுட்டே இருக்குதாமே, என்ன கண்ணு சொன்ன?" காலியான இடத்துக்குப் புது ஆள் வந்தாகிவிட்டது. சித்தியிடம் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். "அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன் சித்தி" போதும். இந்த எதிர்ப்பு வந்தால் நீங்கள் தவறு செய்கிறீர்கள் என்று அர்த்தமில்லை, மாற்றம் உறைத்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தில்தான் குற்றவுணர்ச்சியில் பழைய நாற்காலிக்கே திரும்பிவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். "நான் போய்ச் சேர்ந்துட்டாத்தான் தெரியும்" என்பது சில வீடுகளில் வழக்கமான வசனம், சில வீடுகளில் உண்மையான எச்சரிக்கை. சாப்பாடு, தூக்கம் குறைந்து, ஆட்களை ஒதுக்கி, இப்படிச் சொல்ல ஆரம்பித்தால் தியரியை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி-மனாஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

தவணை விஷயத்தில் வரிசை முக்கியம். முதலில் கணவர். பாஸ்புக்கை எதிரில் வைத்து இரண்டு வருடக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். சண்டை வரும், வரட்டும். அது உங்கள் இருவருக்குள் நடக்கும் சண்டையாக இருக்கட்டும், தம்பியை வைத்து வேண்டாம். அடுத்து, கடன் பத்திரத்தில் உங்கள் ஜாமீன் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தவணை தவறும்போது உங்கள் சிபில் மதிப்பெண்ணும் அடிவாங்கும், வங்கி உங்களையும் கேட்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் திடீரென்று நிறுத்துவது தைரியம் ஆகாது. பிறகு தம்பியிடம், அம்மா வழியாக இல்லாமல் நேரில், எந்த மாதத்தோடு நிறுத்தப்போகிறீர்கள் என்று தேதி சொல்லுங்கள். வண்டியை விற்பதா ஓட்டுவதா என்பது அவன் முடிவு. "நீ உருப்படமாட்ட" என்றும் வேண்டாம், வேலை தேடிக் கொடுக்கவும் வேண்டாம்.

மகளுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "அன்னைக்கு நீ சொன்னது அன்பாத்தான் சொன்ன. ஆனா அது நானும் அப்பாவும் பேசிக்கவேண்டியது, நீ பார்த்துக்கவேண்டியதில்லை" என்று ஒருமுறை சொன்னால் போதும். அதன் பிறகு அவள் காதுபட அவரைப் பற்றி முணுமுணுக்காமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி.

இந்தத் தியரியின் மேல் எனக்கு இருக்கும் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டிஃபரன்ஷியேஷன் என்ற அந்தத் திறனுக்கு போவென் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் அளவுகோல் வைத்தார், அளக்க வழி வைக்கவில்லை. அதை அளக்க ஒரு கேள்வித்தாளை 1998-ல் ஸ்கவ்ரானும் ஃப்ரீட்லேண்டரும் உருவாக்கினார்கள். இன்றும் கிடைக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படுகின்றன என்று காட்டுபவையே தவிர, ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நிரூபிப்பவை அல்ல. இன்னொன்று, பெண்களின் நிலை. 1978-லேயே ரேச்சல் ஹேர்-மஸ்டின் என்ற உளவியலாளர் குடும்பச் சிகிச்சை முறைகள் வீட்டுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருக்கும் அதிகார வித்தியாசத்தைப் பார்க்கத் தவறுகின்றன என்று எழுதினார். உங்கள் அம்மாவை யோசியுங்கள். கல்யாணமாகி வந்த ஊர், தன் பெயரில் காசில்லை, கணவர் பேசமாட்டார். மகளைத் தவிர வேறு யாரிடம் போவார்? 'எல்லை போடத் தெரியாத அம்மா' என்று முத்திரை குத்தும் முன் இதை ஒரு முறை யோசிக்கத்தான் வேண்டும். மகளிர் குழுவோ, கோயிலோ, பழைய சிநேகிதியோ, அவருக்குப் பேச வேறு இடம் அமைய நீங்கள் உதவினால் அது தூது போவதைவிட நல்ல உதவி.

கடைசியாக, அம்மாவிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல்லலாமா? வேண்டாம். தியரியைச் சொல்லித் திருந்தியவர் யாரும் இல்லை. "நான் முக்கோணமாம், படிச்சிட்டு வந்து சொல்றா" என்று அதுவே அடுத்த வாரத்துப் புகாராகும். சொல்வதற்குப் பதில் கேளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு தாளும் பேனாவும் எடுத்துப் போங்கள். மோனிகா மெக்கோல்ட்ரிக்கும் ராண்டி கெர்சனும் 1985-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு ஜீனோகிராம் என்ற குடும்ப வரைபடம் பெரும்பாலும் ஒரே மாதிரி போடப்படுகிறது: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குள் பெருக்கல் குறி, சண்டைக்கு வளைந்து நெளிந்த கோடு, அளவுக்கு மீறிய நெருக்கத்துக்கு மூன்று கோடு, பேச்சே நின்றுபோன உறவுக்கு நடுவில் அறுந்த கோடு. மூன்று தலைமுறை போட்டுப் பாருங்கள். அம்மாச்சிக்கும் அப்புச்சிக்கும் சண்டை வந்தால் யாரிடம் சொல்வார்கள்? உன்னிடமா, பெரியம்மாவிடமா? நிலம் பிரித்த பிறகு எந்த மாமா வீட்டோடு பேச்சில்லாமல் போனது? நான் பிறந்த வருஷம் நம் வீட்டில் என்ன நடந்தது? அப்பா எப்போதிலிருந்து இப்படி வாய் பேசாமல் ஆனார், அவரும் அவர் அப்பாவும் பேசிக்கொள்வார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அப்பாவிடமே கேளுங்கள்.